பீன்யாவிலிருந்து மன்மோகன் சிங்கை வாசித்தல்

2024 டிசம்பர் 26 அன்று மன்மோகன் சிங் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளுள் பெரும்பாலானவை இரண்டு வார்ப்புகளில் அடங்கிவிட்டன. ஒன்றில் அவர் 1991இல் நாட்டைக் கரைசேர்த்த மேதை. மற்றொன்றில் அவர் 2014இல் வாய்திறவாமல் வெளியேறிய பிரதமர். புகழ்ந்தோர், பழித்தோர் ஆகிய இரு சாராரிடமும் பொதுவாக ஓர் ஏக்கம் தென்பட்டது: இத்துணை படித்த ஒருவர் கையில் நாடு மீண்டும் ஒப்படைக்கப்படாதா என்னும் ஏக்கம். அது இன்றும் ஓயவில்லை. அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டு வல்லுநர்களிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்று நம் முகநூல் நண்பர்களுள் பலர் உண்மையாகவே நம்புகின்றனர். இப்பதிவு அந்த நம்பிக்கையோடு நான் நடத்த விரும்பும் ஒரு வழக்கு. மன்மோகன் சிங்கின் வாழ்க்கையையே அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் வல்லுநர் ஆட்சிக்கு அவரைவிடத் தகுதியான எடுத்துக்காட்டு இந்திய வரலாற்றில் இல்லை.

பெங்களூரின் வடமேற்கில் உள்ள பீன்யாத் தொழிற்பேட்டையில், சிறு பொறியியல் பட்டறைகளின் உழைப்புமுறை குறித்துச் சில ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறேன். இந்த ஊரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். எழுபதுகளில் உருப்பெற்ற பீன்யா, தென்னிந்தியாவின் மிகப் பெரிய சிறுதொழில் வட்டாரங்களுள் ஒன்று. அருகிலேயே ஜாலஹள்ளியில் எச்எம்டியும் பிஇஎல்லும் இருந்தன. நகரின் மறுபுறத்தில் எச்ஏஎல், ஐடிஐ முதலிய பொதுத்துறை நிறுவனங்கள். அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் துணைத்தொழில்களாகவே இங்குள்ள பட்டறைகளுள் பல பிறந்தன. லேத், மில்லிங், கிரைண்டிங், பின்னர் சிஎன்சி. பத்துப் பேரோ இருபது பேரோ வேலை செய்யும் ஒரு கொட்டகை. பெரிய நிறுவனத்திடமிருந்து வரும் ஜாப் ஒர்க். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள், வட கருநாடகத்தார், அண்மைக் காலமாக ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களின் இளைஞர்கள் எனப் பலரும் சேர்ந்து இயக்கும் உலகம் இது. மன்மோகன் சிங் எடுத்த முடிவுகளின் விளைவுகளைப் புள்ளிவிவர அட்டவணையில் காண்பதற்கும் இங்கிருந்து காண்பதற்கும் வேறுபாடு உண்டு. அட்டவணை கூட்டுத்தொகையைக் காட்டும். பட்டறை, அக்கூட்டுத்தொகையில் யார் பங்கு கூடிற்று, யார் பங்கு குறைந்தது என்பதைக் காட்டும்.

முதலில் அவர் ஏறிவந்த படிகளை நினைவுகூர்வோம். 1932 செப்டம்பர் 26 அன்று, இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள காஹ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிரிவினையில் குடும்பம் வேரோடு பெயர்ந்து அமிர்தசரஸ் வந்து சேர்ந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகத்திலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று 1957இல் பொருளியலில் முதல் வகுப்பில் தேறினார். ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் கல்லூரியில் 1962இல் முனைவர் பட்டம் பெற்றார். 1951 முதல் 1960 வரையிலான இந்திய ஏற்றுமதியே ஆய்வுப்பொருள். நம் பொருள்களுக்கு உலகச் சந்தையில் பெரிதாக இடம் கிடைக்காது என்று அன்றைய திட்ட வல்லுநர்கள் கொண்டிருந்த அவநம்பிக்கையை அவ்வாய்வு கேள்விக்கு உட்படுத்தியது. அவ்வாய்வு 1964இல் நூலாகவும் வந்தது. ஆகவே 1991இல் அவர் பேசியவை யாரோ வெளியிலிருந்து ஓதிக்கொடுத்தவை என்னும் குற்றச்சாட்டு அவருடைய அறிவுவாழ்வுக்கு நீதி செய்யாது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுமதி பற்றிய அவருடைய பார்வை உருவாகியிருந்தது.

அதன்பின் தில்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியர். 1972 முதல் தலைமைப் பொருளாதார ஆலோசகர். பிறகு நிதித்துறைச் செயலர். 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அடுத்துத் திட்டக்குழுத் துணைத்தலைவர். 1987 முதல் 1990 வரை, தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தலைமை வகித்த தென்னுலக ஆணையத்தின் பொதுச்செயலர். 1991 தொடக்கத்தில் பல்கலைக்கழக மானியக்குழுத் தலைவர். பொருளாதார நிருவாகத்தில் அவர் அமராத உயர்நாற்காலி என்று ஏதும் எஞ்சியிருக்கவில்லை. 1991இல் அவர் கலைக்கத் தொடங்கிய உரிம ஆட்சியை உள்ளிருந்து நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். இப்பதவிகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாம் நியமனத்தால் கிடைத்தவை. ஒன்றுகூட வாக்கால் கிடைத்ததன்று.

1991 ஜூனில் நரசிம்ம ராவ் முதலில் ஐ.ஜி. படேலைத்தான் நிதியமைச்சராக அழைத்தார். அவர் மறுத்த பின்னரே மன்மோகன் சிங்குக்கு அழைப்பு வந்தது. அந்நியச் செலாவணி இருப்பு ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. சந்திரசேகர் ஆட்சியிலேயே 20 டன் தங்கம் வெளிநாட்டில் விற்கப்பட்டிருந்தது. ஜூலையில் மேலும் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் அடகு வைத்தனர். ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று நிதிநிலை அறிக்கையும் புதிய தொழிற்கொள்கையும் ஒரே நாளில் அவைக்கு வந்தன. 18 தொழில்களைத் தவிர ஏனையவற்றுக்கு உரிமம் நீங்கியது. ரிசர்வ் வங்கியில் எஸ். வெங்கிட்டரமணனும் சி. ரங்கராஜனும், வணிக அமைச்சகத்தில் ப. சிதம்பரமும் இருந்த அந்த வாரங்களின் கதை தமிழில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அதனால் அதை விரிக்கவில்லை. அதே நிதிநிலை அறிக்கையோடு பிணைந்த இரண்டு சிறு செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் வாதம் முழுவதும் அவ்விரண்டின் மேல்தான் நிற்கிறது.

முதலாவது, உரவிலை. மானியச் சுமையைக் குறைக்க உரவிலையை 40 விழுக்காடு உயர்த்துவதாக மன்மோகன் சிங் அறிவித்தார். கணக்கின்படி அது சரியான முடிவு. பற்றாக்குறை அவ்வளவு பெரிதாக இருந்தது. ஆனால் எதிர்க்கட்சிகள் மட்டுமன்றிக் காங்கிரஸ் உறுப்பினர்களே கொதித்தெழுந்தனர். நாடாளுமன்றக் கட்சிக் கூட்டங்களில் நிதியமைச்சர் அவர்கள்முன் அமர்ந்து அவர்கள் சொன்னவற்றையெல்லாம் கேட்க நேர்ந்தது. சில நாள்களிலேயே உயர்வு 30 விழுக்காடாகக் குறைந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு உயர்விலிருந்து விலக்கும் அறிவிக்கப்பட்டது. அந்த விலக்கு நடைமுறையில் எவ்வளவு செவ்வையாகச் சென்றடைந்தது என்பது வேறு கேள்வி. விவசாயிக்காகக் கத்துவதற்கு அவையில் ஆள் இருந்தது. கத்தலைக் கேட்டாகவேண்டிய கட்டாயம் நிதியமைச்சருக்கு இருந்தது.

இரண்டாவது, தேசியப் புதுப்பிப்பு நிதி. தாராளமயத்தால் நலியும் தொழில்களில் வேலை இழப்போர்க்கு இழப்பீடு, மறுபயிற்சி, மாற்று வேலை ஆகியவற்றை வழங்கும் நோக்கோடு அந்நிதி 1992 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. மாற்றத்தின் விலையை யார் கொடுப்பர் என்பதைப் பொருளியல் அறிஞரான அமைச்சர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இந்நிதியே சான்று. ஆயினும் அதன் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களில் விருப்ப ஓய்வுத் தொகை வழங்கவே செலவாயிற்று. மறுபயிற்சிக்குச் சென்றது சிறு பகுதி. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை மூடப்பட்டபோது அதில் இருந்த டர்னருக்கோ ஃபிட்டருக்கோ அந்நிதியின் நிழல்கூட எட்டவில்லை. சில ஆண்டுகளில் அந்நிதியே கலைக்கப்பட்டது. அதற்காக எந்த அவையும் ஒத்திவைக்கப்படவில்லை.

ஒரே அமைச்சர், ஒரே நேர்மை, ஒரே அறிவு. ஓரிடத்தில் அறிவு வளைந்து கொடுத்தது. மற்றோரிடத்தில் அறிவு எழுதிவைத்த திட்டமே உதிர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருடைய உள்ளத்தில் இல்லை. அவருக்கு எதிரே யார் நின்றனர், யார் நிற்க முடியவில்லை என்பதில் இருக்கிறது.

1991 பீன்யாவை அழித்துவிட்டது என்று நான் சொல்வதாகப் புரிந்துகொள்ள வேண்டா. உண்மை அதைவிடச் சிக்கலானது. 1991இல் 150 விழுக்காட்டில் நின்ற உச்சச் சுங்கவரி 1995இல் 50 விழுக்காட்டுக்கு இறங்கியது. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்தன. எச்எம்டி போன்ற நிறுவனங்களின் இயந்திரக் கருவிப் பிரிவுகள் தளர்ந்தன. அவற்றையே நம்பியிருந்த துணைப்பட்டறைகள் பல நொடித்தன. மறுபக்கம், முன்பு கனவிலும் எட்டாத சிஎன்சி இயந்திரங்களைச் சிறு பட்டறைக்காரர் வங்கிக் கடனில் வாங்க முடிந்தது. பீன்யாவிலேயே வேரூன்றிய ஏஸ் டிசைனர்ஸ் போன்ற உள்நாட்டு உற்பத்தியாளர்கள் போட்டியில் தேறி வளர்ந்தனர். பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் வந்ததும் வாகன உதிரிபாகங்களுக்குப் புதிய சந்தை பிறந்தது. எச்எம்டி கடிகாரத்தின் வீழ்ச்சியை 1991இன் கணக்கில் எழுதுவதும் பிழை. ஓசூரில் டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், எண்பதுகளின் பிற்பகுதியிலேயே குவார்ட்ஸ் கடிகாரத்தோடு அதை முந்தத் தொடங்கிவிட்டது. எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூடும் முடிவை ஒன்றிய அமைச்சரவை 2016 ஜனவரியில்தான் எடுத்தது.

ஆக, பேரேட்டில் வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவு பெற்றவரும் செலவு கொடுத்தவரும் ஒருவரல்லர் என்பதே சிக்கல். பழைய லேத்தில் இருபது ஆண்டு கை பழகிய தொழிலாளியின் திறன், சிஎன்சி வந்தபின் பாதி விலைக்குப் போயிற்று. புதிய இயந்திரத்தை இயக்க ஐடிஐ முடித்த இளைஞர், ஒப்பந்த முறையில், குறைந்த பாதுகாப்போடு வந்தார். நாட்டின் மொத்த உற்பத்தி கூடியது உண்மை. கூடியதிலிருந்து ஒரு பங்கை எடுத்து இழந்தவரிடம் சேர்க்கும் வாய்க்காலை வெட்ட யாரும் முனையவில்லை என்பதும் உண்மை. ஆதாயம் பெற்றோர் இழந்தோர்க்கு ஈடுசெய்ய இயலுமாயின் அம்மாற்றம் நல்லதே என்று பொருளியல் பாடநூல்கள் கற்பிக்கும். ஈடுசெய்ய இயல்வதற்கும் உண்மையில் ஈடுசெய்வதற்கும் இடையில் கிடப்பதே அரசியல்.

இங்கேதான் அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை குறிப்பிடத்தக்கதாகிறது. 1991இல் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019 வரை அசாமின் உறுப்பினராகவே இருந்தார். அவருக்கு அங்கே இருந்த இடம் குவாஹாத்தியில் ஒரு வாடகை வீட்டு முகவரி. 1999இல் ஒரே ஒருமுறை தென் தில்லியில் மக்களவைக்குப் போட்டியிட்டு, பாரதிய ஜனதாவின் விஜய் குமார் மல்ஹோத்ராவிடம் தோற்றார். அதன்பின் மக்களவைத் தேர்தலில் நிற்கவில்லை. பத்தாண்டு பிரதமராக இருந்த ஒருவர், ஒரு தொகுதியில் வென்றவராக ஒருநாளும் இருந்ததில்லை. சட்டப்படி இதில் குறையேதும் இல்லை. ஆனால் தொகுதி என்பது வெறும் வெற்றிச் சான்றிதழ் வழங்கும் இடமன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் குடிநீர் வராத தெருவில் நின்று ஏச்சு வாங்கும் இடம் அது. அந்த ஏச்சு, அமைச்சகக் கோப்பில் ஏறாத செய்திகளைத் தலைவரிடம் சேர்க்கும்.

இதற்கு நேரெதிரான ஒற்றுமை ஒன்று பீன்யாவில் உண்டு. இங்கே பன்னிரண்டு மணிநேரம் உழைப்போரில் பலர் வாக்களிப்பது இங்கன்று; தம் சொந்த ஊரில். தாசரஹள்ளி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. உழைக்கும் இடத்தில் வாக்கு இல்லை. வாக்கு உள்ள இடத்தில் அவர்களுடைய உழைப்புச் சிக்கல் யாருக்கும் பொருட்டில்லை. தொகுதியற்ற பிரதமரும் தொகுதியற்ற தொழிலாளரும் ஒருவரையொருவர் சந்திக்க வழியே இருக்கவில்லை.

2004 மே 22 அன்று அவர் பிரதமரானார். அடுத்த பத்தாண்டுகளில் நிறைவேறிய சட்டங்கள் அவருடைய ஆட்சிக்குப் பெருமை சேர்ப்பவை: 2005இல் தகவல் அறியும் உரிமை, அதே ஆண்டில் ஊரக வேலை உறுதி, 2006இல் வன உரிமை, 2009இல் கல்வி உரிமை, 2013இல் உணவுப் பாதுகாப்பு. வேலை உறுதித் திட்டத்தை 2006 பிப்ரவரி 2 அன்று அனந்தபூர் மாவட்டத்தின் பண்ட்லபள்ளியில் அவரே தொடங்கிவைத்தார். ஆனால் இச்சட்டங்கள் ஒரு பொருளியல் அறிஞரின் மேசையில் முளைத்தவை அல்ல. தகவல் உரிமைக்குப் பின்னால் ராஜஸ்தானத்தின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனும் அருணா ராயும் தொண்ணூறுகளில் நடத்திய ஊர்க்கூட்டங்கள் இருந்தன. வேலை உறுதிக்குப் பின்னால் இயக்கங்களும், ஜான் திரேஸ் போன்ற களப் பொருளியலரும், அரசைத் தாங்கிநின்ற இடதுசாரிக் கட்சிகளும் இருந்தனர். நிதிச்சுமையை அஞ்சித் தயங்கியோர் அரசுக்குள்ளேயே இருந்தும் சட்டம் வந்தது.

சிறுதொழில் உலகுக்கு அதே ஆட்சி தந்தவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 2006இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் நல்ல சட்டம். பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் சிறு பட்டறைக்குப் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கில் கூட்டுவட்டி. முறையிட மாநிலந்தோறும் வசதிமன்றம். தாளில் இதைவிட வலுவான உரிமை இருக்க முடியாது. பீன்யாவில் பட்டறை வைத்திருப்போரிடம் கேட்டுப் பாருங்கள். 90 நாள், 120 நாள் காத்திருப்போர் பலர். மன்றத்துக்குச் சென்றோர் சிலரே. காரணம் எளியது. முறையிட்ட மறுநாள் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அந்த நூறு நாள் பணமுடக்கம் கடைசியில் இறங்குவது தொழிலாளியின் கூலிநாளில். மேலதிகாரம் உள்ள வாங்குவோனுக்கு எதிராக, அவனையே நம்பிப் பிழைப்பவன் தனியாக வழக்காடுவான் என்று எண்ணிய சட்டம் அது. கூட்டாக நிற்கும் அமைப்பு எதுவும் அதனை வடிவமைக்கும் அறையில் இருந்திருந்தால், முறையீட்டாளரின் பெயர் தெரியாமலே கடமையை நிறைவேற்றும் வழியைக் கேட்டிருக்கும். அத்தகைய ஒரு வழி 2023இல்தான் வந்தது. உரிய நாளுக்குள் பணம் கொடுக்காத நிறுவனம், கொடுக்கும்வரை அத்தொகையை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்னும் திருத்தம் அது. அதில் ஓட்டைகள் உண்டு; எனினும் சிறியவன் பகைத்துக்கொள்ளாமலே பெரியவனை நெருக்கும் வழி அது. அதைக் கொண்டுவந்தது அவர் எதிர்த்த கட்சியின் அரசு என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்கிறேன்.

தொழிலாளர் நிலை இதைவிட மோசம். அமைப்புசாராத் தொழில்களை ஆராய 2004இல் இதே அரசு அமைத்த ஆணையத்துக்கு அர்ஜுன் சென்குப்தா என்னும் மற்றொரு பொருளியல் அறிஞர் தலைமை வகித்தார். நாட்டு மக்களில் 77 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாமல் வாழ்கின்றனர் என்று 2007இல் அவ்வாணையம் அறிவித்தது. அனைவர்க்கும் குறைந்தபட்சச் சமூகப் பாதுகாப்பைச் சட்ட உரிமையாக்கப் பரிந்துரைத்தது. 2008இன் இறுதியில் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமோ, வாரியங்களையும் திட்டங்களின் பட்டியலையும் தந்தது; கேட்டுப் பெறத்தக்க உரிமை எதையும் தரவில்லை. உண்மை தெரியாமல் நேர்ந்தது அன்று இது. அரசே அமர்த்திய வல்லுநர் அரசிடமே எண்ணோடு எழுதிக்கொடுத்த உண்மை அது.

அவர் மென்மையானவர், போராடத் தெரியாதவர் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நான் ஏற்கவில்லை. அதே 2008இல், அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகளின் ஆதரவை இழக்கவும் ஆட்சியையே பணயம் வைக்கவும் அவர் துணிந்தார். ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என வென்றார். வேண்டியதற்காக உறுதியாக நிற்கத் தெரிந்தவரே அவர். எதற்காக நின்றார், எதற்காக நிற்கவில்லை என்பதே கேள்வி. அணு ஒப்பந்தத்துக்குப் பின்னால் வெளியுறவு அதிகாரிகளும் தொழிற்குழுமங்களும் நாளேடுகளும் இருந்தன. அமைப்புசாராத் தொழிலாளிக்குப் பின்னால் ஓர் அறிக்கை மட்டும் இருந்தது.

அவருடைய இரண்டாம் ஆட்சிக்காலத்தின் அலைக்கற்றை, நிலக்கரி விவகாரங்களை நான் இங்கே எடைபோடப் போவதில்லை. 2ஜி உரிமங்கள் 122ஐ உச்ச நீதிமன்றம் 2012இல் நீக்கியது. 2017இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. அவருடைய சொந்த நாணயத்தை அவரை எதிர்த்தவர்களிலும் பலர் ஐயுறவில்லை. ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். உணவுப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே இருந்த ஆண்டுகளில், 2012 செப்டம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, டீசல் விலையுயர்வை விளக்கும்போது பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்றார். பொருளியலில் அது மறுக்கவொண்ணாத உண்மை. கேட்டுக்கொண்டிருந்தோர்க்கு அது தெரியாத உண்மையும் அன்று. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்கணக்கைத் தீர்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரிடம் பேசுகிறோம் என்னும் உணர்வை அந்தப் பேச்சில் காணவில்லை.

நண்பர்கள் எழுப்பக்கூடிய வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தொகுதியும் பெரும்பான்மையும் பேச்சாற்றலும் உடைய தலைவர்கள் என்ன சாதித்தனர்? 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவித்தவர், வாரணாசியில் வென்ற பிரதமர்தானே? உண்மை. வாரக்கூலியைப் பணமாகக் கொடுத்துப் பழகிய பீன்யாவின் பட்டறைகள் அந்தக் குளிர்காலத்தில் பட்ட பாட்டை நேரில் அறிந்தோர் இங்கு நிறையப் பேர். ஊருக்குத் திரும்பிய தொழிலாளர் பலர் பல மாதம் வரவில்லை. அப்போது, நவம்பர் 24 அன்று, மாநிலங்களவையில் எழுந்து சில நிமிடங்களே பேசியவர் மன்மோகன் சிங். விவசாயம், சிறுதொழில், அமைப்புசாராத் துறை ஆகியவை நசுங்கும் என்றார். மொத்த உள்நாட்டு உற்பத்தி 2 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறையக்கூடும் என்றார். அந்த அளவு வீழ்ச்சி அரசு வெளியிட்ட ஆண்டுக்கணக்கில் தென்படவில்லை. அமைப்புசாராத் துறையின் உற்பத்தியை, அமைப்புசார் துறையின் போக்கிலிருந்து ஊகித்துக் கணக்கிடும் முறையில் அது தென்படவும் அரிது. எண்ணில் அவர் மிகைப்படுத்தினாரா என்று வாதிடலாம். திசையில் அவர் பிழைபடவில்லை.

பட்டறையின் மொழியில் அவர் ஆற்றிய மிகச் சிறந்த உரை அது. ஆற்றியபோது அவரிடம் அதிகாரம் இல்லை. இது அவர்மீது நான் சுமத்தும் ஏளனமன்று. அவருக்குள் அந்த அறிவும் பரிவும் எப்போதும் இருந்தன என்பதற்கே இது சான்று. அதிகாரம் இருந்தபோது அவற்றை வெளியே இழுத்தெடுக்கும் கை எதிரே இல்லாது போயிற்று. எதிர்வாதத்துக்கு என் விடையும் இதுவே. தேர்தலில் வென்றவர் தானாகவே நல்லது செய்வார் என்று நான் சொல்லவில்லை. வென்றவரும் வல்லுநரும் ஒருங்கே தவறுவர், எதிரே கேட்போர் திரண்டு நில்லாவிடில்.

பிற நாடுகளின் பட்டறிவும் இதையே உணர்த்துகிறது. மேற்கு ஜெர்மனியின் லுட்விக் எர்ஹார்ட் பொருளியல் அறிஞர். 1949 முதல் 1963 வரை பொருளாதார அமைச்சராகப் பெரும்புகழ் ஈட்டினார். 1963இல் நாட்டின் தலைமைக்கு உயர்ந்தவர் ஏறத்தாழ மூன்றாண்டில் சொந்தக் கூட்டணியையே கட்டிக்காக்க முடியாமல் விலகினார். இத்தாலியில் 2011இல் மாரியோ மோன்டி, வாக்கே கேளாமல் பிரதமராகிச் சிக்கன நடவடிக்கைகளைக் கொண்டுவந்தார். 2013இல் வாக்குக் கேட்டபோது அவருடைய அணி ஏறத்தாழ பத்து விழுக்காட்டோடு நின்றது. கணக்கைச் சரிசெய்வது ஒரு கலை. கணக்கில் கழிக்கப்பட்டவரிடம் போய் நின்று விடைசொல்வது வேறொரு கலை. முதலாவதை நியமனத்தால் பெறலாம்.

பீன்யாவுக்கு வரும் மெட்ரோ ரயிலின் திட்டத்துக்கு 2006 ஜூன் 24 அன்று பெங்களூரில் அடிக்கல் நாட்டியவர் மன்மோகன் சிங். 2014 மார்ச் 1 அன்று பீன்யா வழித்தடம் திறக்கப்பட்டது. ஜாலஹள்ளியிலும் பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்திலும் காலை ஷிப்டுக்கு இறங்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, அந்த ஆட்சி ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லத் துணியார். அதே மெட்ரோவால் நிலவிலையும் வாடகையும் ஏற, சிறு பட்டறைகள் ஊருக்கு வெளியே தள்ளப்படுவதையும் அதே பாதையில் காணலாம். வளர்ச்சி வருகிறது, அதன் விலைச்சீட்டு ஒருவர் கையில் திணிக்கப்படுகிறது. 1992இலும் இதுதான், இன்றும் இதுதான்.

வரலாறு தன்னிடம் சமகால ஊடகங்களைவிடக் கனிவாக நடந்துகொள்ளும் என்று 2014 ஜனவரியில் அவர் நம்பிக்கை தெரிவித்தார். கனிவாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, அவருக்கு அது தகும். ஆனால் அந்தக் கனிவு, அடுத்த வல்லுநரைத் தேடும் ஏக்கமாக மாறவேண்டியதில்லை. கற்றறிந்தோர் ஆட்சிக்கு வரட்டும். வருவோரிடம் நாம் கேட்கவேண்டியது அவருடைய பட்டங்களின் பட்டியலை அன்று. உம்முடைய கணக்கில் இழப்போர் யார், அவர்கள் உம்மை எந்த வாயிலில் வந்து மறிக்கலாம் என்று கேட்கவேண்டும். அந்த வாயில் இல்லையென்றால் அதைக் கட்டும் வேலை பட்டறைச் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் என்போன்ற ஆய்வாளர்களுக்கும் உரியது. புலம்பெயர்ந்த தொழிலாளி உழைக்கும் ஊரில் வாக்களிக்க வழி செய்வதும், முறையிட்டவரின் பெயர் வெளிப்படாமல் நிலுவைப்பணம் வசூலாகும் வழிகளை விரிவாக்குவதும் அந்த வேலையின் முதல் இரண்டு படிகள் என்பது என் கருத்து.

பீன்யாவிலோ, கோவையிலோ, அம்பத்தூரிலோ, ஓசூரிலோ பட்டறை நடத்துவோரும் அவற்றில் வேலை செய்வோரும் இதைப் படித்தால், 45 நாள் விதி உங்கள் பகுதியில் எப்படி நடக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். மாறுபடுவோர் வாதத்தோடு மாறுபடுங்கள், விடை எழுதுகிறேன்.